முளையில் நிற்கப் போகிறவருக்கு

மேலே நடக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. அவர்களுக்குச் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கைதட்ட ஊர் இருக்கிறது. இதைக் கீழே நிற்க வந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். கழைக்கூத்தில் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். வந்ததும் கையில் ஒரு சம்மட்டியைக் கொடுத்து, முளையைப் பார்த்துக்கொள் என்றிருப்பார்கள். முகம் கொஞ்சம் வாடியிருக்கும். எனக்கும் வாடியது. நான் பள்ளியிறுதி வகுப்பு தேறியவன் வேறு.

என்னை மேலே ஏற்றிப் பார்க்காமல் இல்லை. சில தடவை பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஏறிய வழியில் இறங்காமல் வேறு வழியாகக் கீழே வந்தேன். பிறகுதான் சம்மட்டியைக் கொடுத்தார்கள்.

நம் அமைப்பு உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பக்கத்துக்கு ஒரு ஜோடி மூங்கில், கத்தரிக்கோல் போலக் குறுக்கே சாய்த்து நிறுத்தியிருக்கும். அவற்றின் தலைமேல் வடம் போகும். இரண்டு பக்கமும் வடம் சரிந்து இறங்கி, மண்ணில் அடித்த இரும்பு முளையில் முடியும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மூங்கிலைப் பார்ப்பார்கள், வடத்தைப் பார்ப்பார்கள், நடக்கிற பிள்ளையைப் பார்ப்பார்கள். முளையை யாரும் பார்ப்பதில்லை. அது சரியாக இருக்கும்வரை பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

முளையை அடித்தவன், மேலே போனவர் இறங்கும்வரை அதைவிட்டு நகரக் கூடாது. செருப்பில்லாத குதிகாலை முளையின் தலைமேல் வைத்து நிற்க வேண்டும். மேலே பார்க்கக் கூடாது. பார்த்தால் உடம்பு தானாக அந்தப் பக்கம் சாயும், எடை குதிகாலை விட்டுப் போய்விடும். பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. மேலே இருப்பவரோடு பேசும் உரிமை மேளத்துக்கு மட்டும்தான். அந்த மேளம் என் மனைவியின் கையில் இருந்தது. மேலே நடந்தது எங்கள் மகள் மல்லிகா. எங்கள் வீட்டில் பேசும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் மல்லிகா நடந்து நான் பார்த்ததே இல்லை. தேனி பார்த்திருக்கிறது, போடி பார்த்திருக்கிறது, கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பார்த்திருக்கிறது. நான் குதிகாலில் கேட்டிருக்கிறேன். வலது காலை அழுத்தி வைப்பாள். இடது காலைத் தடவி வைப்பாள். நடு வடத்தை நெருங்கும்போது முளையில் ஒரு சின்ன முனகல் வரும். அவளைக் குதிகாலில் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை.

முதலில் கடமலைக்குண்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் முளையில் நின்றவர் நல்ல வேலைக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். அன்று ஒரு பக்கம் அடியில் பாறை. முளை இறங்கவில்லை. பக்கத்தில் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று, மாடு அவிழ்த்து நின்றது. வடத்தை அதன் அச்சில் கட்டினார். மலை மாதிரி நிற்கிறது, இதற்குமேல் என்ன வேண்டும் என்றார். வண்டிக்காரர் டீ குடித்துவிட்டு வந்தார். மாட்டைப் பூட்டினார். எங்களைப் பார்த்து மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருசநாட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். வடம் போனது. மூங்கில் போனது. டீக்கடைக் கூரையில் பாதி போனது.

“யோவ், எங்கய்யா என் கடையக் கொண்டு போறீக?” என்று கடைக்காரர் கரண்டியோடு பின்னால் ஓடினார்.

அன்று யாரும் மேலே ஏறியிருக்கவில்லை. அதனால் இது வேடிக்கைக் கதை. ஏறியிருந்தால் வேறு கதை. இந்தத் தொழிலில் இரண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

சக்கரம் உள்ள எதிலும் வடத்தைக் கட்டக் கூடாது, உயிருள்ள எதிலும் கட்டக் கூடாது என்ற விதி அன்றிலிருந்து வந்தது. அதில் முதல் பாதியை நான் இன்றும் நம்புகிறேன்.

இனி கம்பம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம் பெரியாற்றுத் தண்ணீர் திறப்பது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நாற்றங்கால் போடாமல் ஊரே வானத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் சந்தைக்குப் போயிருந்தோம். சந்தையை ஏலம் எடுத்தவர் எங்களுக்குக் காட்டிய இடம் வாய்க்கால் ஓரம். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அதில் ஆடுகள் படுத்திருந்தன.

முளை அடிப்பதற்கு முன்னால் குழியில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது நம் வழக்கம். தண்ணீர் தேங்கினால் இடத்தை மாற்ற வேண்டும். சத்தத்தோடு உறிஞ்சினால் நல்ல மண், முளையை விடாது. அன்று மண் செம்பையே கேட்கும்போல உறிஞ்சியது. எனக்குத் திருப்தியாக இருந்தது. தாகமான மண் முளையை நன்றாகப் பிடிக்கும். தாகமான மண் தண்ணீரை நன்றாகக் குடிக்கவும் செய்யும். முதல் வாக்கியத்தைத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

மல்லிகா என் பக்கத்து மூங்கிலில் ஏறி, எதிர்ப்பக்கம் நோக்கி நடக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்க முளையில் என் மைத்துனர். நடுவே தரையில் மேளத்தோடு என் மனைவி. எல்லாம் வழக்கம்போல இருந்தது. அப்போது மேற்கேயிருந்து யாரோ கத்தினார்கள்.

“தண்ணி வந்துருச்சு! வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுலே!”

கூட்டத்தில் பாதி வாய்க்காலுக்கு ஓடியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வடத்தில் நடக்கிற பிள்ளையை அடுத்த சந்தையிலும் பார்க்கலாம். மேளம் நிற்கவில்லை. மல்லிகாவும் நிற்கவில்லை. வலது கால் அழுத்தியது, இடது கால் தடவியது.

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம் உண்டு. தண்ணீர் போகும் அதன் கண்ணில் சந்தைக் குப்பை அடைத்துக் கிடந்தது. வாழைச்சருகு, வாழைத்தண்டு, தார் வெட்டிய கழிவு. வந்த தண்ணீர் அங்கே முட்டி, கரை தாண்டி மைதானத்துக்குள் இறங்கியது. முதலில் என் கால்விரல்களுக்கு நடுவே குளிர்ச்சியாக இருந்தது. வெயிலுக்கு நன்றாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் குதிகாலில் மல்லிகா மங்கலாகக் கேட்டாள். பிறகு முளை வடம் இழுத்த பக்கம் மெல்லச் சாய்ந்து, என் காலைத் தூக்கிக்கொண்டு எழ ஆரம்பித்தது.

அவள் நடு வடத்தை அப்போதுதான் தாண்டியிருந்தாள்.

இந்த மாதிரி நேரத்தில் என்னென்ன செய்யலாம் என்று நீங்கள் யோசிப்பீர்கள். நானும் யோசித்தேன். கத்தலாம். கத்தினால் அவள் கீழே பார்ப்பாள். மேளத்தை நிறுத்தச் சொல்லலாம். மேளம் நின்றால் வடத்தில் உட்கார வேண்டும் என்பது நம் பழக்கம். உட்காரும்போது எடை மொத்தமாக இறங்கும், முளை பிடுங்கிக்கொள்ளும். திரும்பி வரச் சொல்லலாம். திரும்புவதும் ஓர் உதறல்தான். அவள் நடப்பது மட்டும்தான் பத்திரம். அவள் நடந்து முடிக்கும்வரை இந்த நுனி மண்ணோடு இருக்க வேண்டும். என் ஒருவன் எடை அதற்குப் போதவில்லை.

பக்கத்தில் ஒரு ஜீப் நின்றது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போகிற வண்டி. மலைக்கு அந்தப் பக்கம் போய் வந்து நாக்கில் மலையாளம் ஒட்டிக்கொண்ட டிரைவர் அதன்மேல் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் முளையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

“அண்ணே, முளை எந்திரிக்குது.”

“தெரியும்.”

“ஜீப்ப இங்கன எடுத்துப் போடுறேன். பம்பர்ல கட்டுங்க. ஆனையே வந்து இழுத்தாலும் அசையாது.”

நல்ல மனிதர். அவர் சொன்னதும் நல்ல யோசனைதான். ஆனால் ஜீப் அசையாமல் நிற்க வேண்டுமென்றால் முதலில் அது அசைந்து வர வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஜீப்பும் ஒரு குதி குதிக்காமல் கிளம்பி நான் பார்த்ததில்லை. அந்த ஈர மண்ணில் சக்கரம் வழுக்கி வடத்தில் இடித்தால் அதோடு முடிந்தது. ஜீப்பிடம் பேசிப் புரியவைக்கவும் முடியாது. மனிதனிடம் முடியும்.

“ஜீப்பு வேணாம். ஆளு வேணும். கனமான ஆளா.”

“கனமான ஆளா? அந்தா நிக்கிறாகளே.”

வாழைமண்டி முதலாளி ஒருவர் குடைக்குக் கீழே நின்றார். சுற்றிலும் அவருடைய சுமைதூக்கும் ஆட்கள் நின்றார்கள். கம்பத்தில் அவரைவிடக் கனமான ஆளை நான் பார்த்ததில்லை.

“முதலாளி, கொஞ்சம் இங்கன வந்து உக்காருங்க.”

“நானா? எங்க?”

“இந்த மண்ணுல.”

“எதுக்குப்பா?”

“உக்காந்தா நல்லாத் தெரியும்.”

உதவிக்கு ஆளைக் கூப்பிடும்போது காரணத்தைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்ச நேரத்தில் நானே செய்து பார்த்தேன்.

அவர் சேற்றைப் பார்த்தார். தன் வேட்டியைப் பார்த்தார்.

“சலவை வேட்டிப்பா.”

“தெரியுது முதலாளி.”

என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. உட்கார்ந்துவிட்டார். குதிகாலை எடுக்காமலே குனிந்து, முளைக்குப் பின்னால் மிச்சமிருந்த வடத்தை அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். முளை எழுவது நின்றது. ஆனால் சாய்வது நிற்கவில்லை. இன்னும் ஆள் வேண்டும்.

“நீங்களும் உக்காருங்கப்பா, வரிசையா. வடத்த இழுக்காதீக. சும்மா பிடிச்சிட்டு உக்காந்தாப் போதும்.”

சுமைதூக்குபவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை.

“முதலாளி உக்காந்திருக்காக. நாங்க எப்பிடி?” என்றார் ஒருவர், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போல.

பார்த்துப் பார்த்துக் கனமான ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அவர் முன்னால் அந்த ஊரில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை.

“ஏலே, அவரு சொல்றாருல்ல, உக்காருங்கலே!” என்றார் முதலாளி.

அவர் உத்தரவுக்காகக் குத்தவைத்தார்கள். முழங்கால் மடங்கியது, பின்புறம் தரையில் படவில்லை. முதலாளி அசைந்தால் எழுந்துவிடத் தயாராக அப்படி இருந்தார்கள். குத்தவைத்த ஆளின் கையில் வடத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான். ஓர் இழுப்பில் குப்புற விழுவார்.

ஜீப் டிரைவர் அதைப் பார்த்தார். பீடியைக் கீழே போட்டார். நேராக வந்து முதலாளிக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க, பொத்தென்று உட்கார்ந்தார்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க சேட்டா. இது ஒங்க மண்டியா?”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய ஆட்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனே உட்கார்ந்துவிட்டான் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சேற்றில் உட்கார்ந்து வடத்தைப் பிடித்தார்கள். முளை சாய்வது நின்றது. குதிகாலில் மல்லிகா மறுபடியும் தெளிவாகக் கேட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

அவ்வளவில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வாய்க்காலுக்குப் போனவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் எதற்கென்றில்லாமல் கைதட்டினார்கள். முதலாளியும் தட்டுவதற்குக் கையை எடுத்தார். வடம் அவர் இடுப்பில் வழுக்கியது.

“கை தட்டாதீங்க முதலாளி!”

“பிள்ள நல்லாத்தானப்பா நடக்குது?”

“நல்லாத்தான் நடக்குது. நீங்க வடத்தப் பிடிங்க.”

“ஏன், விட்டா என்ன ஆகும்?”

இந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொன்னேன்.

“பிள்ள விழுந்துரும்.”

அவர் மேலே பார்த்தார். கையிலிருந்த வடத்தைப் பார்த்தார். தான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்தப் பெரிய உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பயந்த மனிதர் நடுங்குவது இயற்கை. ஆனால் அந்த நடுக்கம் வடத்தில் ஏறியது. என் குதிகாலைக் கடந்து மேலே போவதை நான் கேட்டேன். மூங்கிலைத் தாண்டியது. மல்லிகாவின் கால் நின்றது.

நான் மேலே பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தேன். நடு வடம் தாண்டியதும் அவள் எப்போதும் மேளத்தின் அடியை வேகப்படுத்துவாள், கூட்டத்துக்காக. அன்று வேகப்படுத்தவில்லை, குறைக்கவும் இல்லை. வீட்டில் மாவு சலிக்கும் முகத்தோடு, போட்டதையே போட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஒன்றும் நடக்கவில்லை என்று மகளிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பொய்யை உண்மையாக்குவது என் வேலை.

“முதலாளி, நேந்திரம் தார எந்தப் பக்குவத்துல வெட்டணும்?”

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“என்ன கேக்குற நீயி?”

“மலைக்கு அங்கிட்டுப் போற காயி. எப்ப வெட்டணும்?”

“அது... முக்காப் பக்குவத்துல வெட்டணும்.”

“முக்கான்னு எப்பிடித் தெரியும்?”

“காயோட விளிம்பு மழுங்கணும். பட்டை பட்டையா நிக்கக் கூடாது. தடவிப் பாத்தா...” அவர் குரலில் மண்டியின் சத்தம் கொஞ்சம் வந்தது. நடுக்கம் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை.

அதை முடித்து வைத்தவர் டிரைவர்.

“விளிம்பு மழுங்கணுமா? இவுக மண்டிக் காயி கத்தி மாதிரில்ல இருக்கு. குமுளி போறதுக்குள்ள என் சீட்டையே கிழிச்சிருச்சு.”

“எவன்டா சொன்னது? எங்க மண்டிக் காயவா? ஏலே, போன வாரம் போன லோடு எப்பிடி இருந்துச்சுன்னு இவன்ட்ட சொல்லு!”

“நல்லா இருந்துச்சு முதலாளி” என்றார் ஓர் ஆள், வடத்தை விடாமல்.

“நீ சம்பளத்துக்குச் சொல்லுவ. அங்க சேட்டன்மாரு மூஞ்சியச் சுளிக்கிறாக” என்றார் டிரைவர்.

முதலாளிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. நேந்திரத்தைப் பற்றியும், டிரைவர்களைப் பற்றியும், மலைக்கு அந்தப் பக்கத்து வியாபாரிகளைப் பற்றியும் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. கோபம் வந்த உடம்பு நடுங்குவதில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். முளையிலிருந்து குதிகாலுக்கு ஓர் அழுத்தல் வந்தது. பிறகு ஒரு தடவல். பிறகு ஓர் அழுத்தல்.

“இறங்கியாச்சு!” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து மைத்துனர் கத்தும்வரை நேந்திரச் சண்டை ஓயவில்லை.

“மதி மதி, போதும். எந்திரிங்க முதலாளி, பிள்ள இறங்கிருச்சு” என்றார் டிரைவர்.

முதலாளியால் எழ முடியவில்லை. கால் மரத்துவிட்டது. நான்கு பேர் சேர்ந்து, தார் தூக்குவதுபோலப் பதமாகத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

“உக்காந்தா நல்லாத் தெரியும்னியேப்பா. நான் ஒண்ணுமே பாக்கலையே.”

“நானும்தான் முதலாளி.”

மேளம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மல்லிகா போய்த் தாயின் கையிலிருந்து குச்சியை வாங்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். சேற்றில் உட்கார்ந்திருந்த தடங்களைப் பார்த்தாள்.

“திடீர்னு கனமாச்சு யப்பா. அப்பறம் நடுங்குச்சு. அப்பறம் யாரோ கோவிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு.”

“ஆமா” என்றேன்.

“யப்பா, காலை எடுங்க. நான் இறங்கிட்டேன்.”

அப்போதும் என் குதிகால் முளையின் மேல்தான் இருந்தது. மற்றவர்களைப்போல நானும் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

 சாமான்களை வண்டியில் ஏற்றும்போது என் மனைவி ஒரே ஒரு தடவை, “நான் கொட்டுறத நிறுத்தியிருந்தா?” என்று கேட்டாள். நான் மூங்கிலை எண்ணுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்தது கூடலூர். சரளை மண், உயரமான இடம், பக்கத்தில் வாய்க்கால் கிடையாது. இருந்தும் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் பாயும் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் விசாரித்தேன். முளையை வழக்கத்தைவிட ஆழமாக இறக்கினேன். மல்லிகா ஏறினாள். சில அடிகள் வைத்தாள். பிறகு பின்னாலேயே நடந்து வந்து இறங்கிவிட்டாள். அவள் அப்படிச் செய்ததே இல்லை. கூட்டம் முணுமுணுத்தது. என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

“யப்பா, வடம் நடுங்குது.”

“முளை நல்லாத்தான இருக்கு?”

அவள் என் காலைப் பார்த்தாள்.

“முளை நல்லாத்தான் யப்பா இருக்கு.”

நானும் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியாமலே நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கோபப்படுத்த அங்கே ஜீப் டிரைவர் இல்லை, என்னிடம் நேந்திரம் பற்றிக் கேட்பாரும் இல்லை. காலை எடுத்தேன். மைத்துனர் இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கத்துக்கு ஊர்க்காரர் ஒருவரை நிறுத்தினோம். அன்று நான் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இல்லை. மேலே நடப்பவர் சொன்னால் வயது வந்துவிட்டது என்று அர்த்தம்.

சில வருடங்கள் மைத்துனரும் அந்தந்த ஊர்க்காரர்களுமாகச் சமாளித்து ஓட்டியது போதும் என்று இப்போது உங்களைச் சேர்த்திருக்கிறார்கள். வருகிற சந்தையிலிருந்து உங்களில் ஒருவர் மல்லிகாவின் முளையில் நிற்பார். யார் என்று என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஆளை நான் தூங்கவிட மாட்டேன் என்று என் மனைவிக்குத் தெரியும். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதோடு விடாமல், தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வரும் என்று ஊர்க்காரரிடம் கேளுங்கள். சக்கரத்தில் கட்டாதீர்கள். ஆளைக் கூப்பிட வேண்டி வந்தால் கனத்தை மட்டும் பார்க்காதீர்கள், அவர் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதையும் பாருங்கள். பயந்தவரிடம் அவருடைய தொழிலைப் பற்றிக் கேளுங்கள். அவள் வலது காலை அழுத்தி வைப்பாள், இடது காலைத் தடவி வைப்பாள். இது மாறினால் மட்டும் கவலைப்படுங்கள்.

நானும் வருவேன். இப்போது நான் மேலே பார்க்கலாம், என்னைத் தடுக்க யாரும் இல்லை. பார்ப்பேனா என்று தெரியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் மேலே பார்க்கும்போது தரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தால், அவரைக் கண்டுகொள்ள வேண்டாம். உங்கள் குதிகால் முளையில் இருக்கட்டும்.